சிவப்பு எங்கே விழ வேண்டும்? நைஜீரிய ஆள்கடத்தல் வரைபடம் ஒன்றைச் செய்த அனுபவம்

அபுஜாவில் பள்ளிக் கட்டட வேலைகளில் இருக்கும் கல்லூரி நண்பர் ஒருவர் கேட்டதால் தொடங்கிய வேலை இது. வடமேற்கு நைஜீரியாவில் எந்தப் பள்ளிகளுக்கு முதலில் சுற்றுச்சுவரும் காவலும் வேண்டும் என்று அவர்கள் ஒரு பட்டியல் போட வேண்டியிருந்தது. "நீ மேப் வேலை பார்க்கிறவன்தானே, கடத்தல் அதிகம் நடக்கிற இடங்களைச் சிவப்பாக்கிக் கொடுத்துவிடு" என்றார். என் தொழில் நில வரைபடம். மென்பொருள் தெரியும், ஊர் தெரியாது. ஊர் தெரியாதவன் கையில் வரைபடம் எவ்வளவு நம்பும்படியாகப் பொய் சொல்லும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே வேலையை வேறு நாட்டுக்கு, வேறு குற்றத்துக்குச் செய்ய நினைப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் களம். சம்ஃபாரா, கட்சினா, கடுனா, சொகோட்டோ, கெப்பி, இவற்றை ஒட்டிய நைஜர் என்று ஆறு மாநிலங்கள். சம்ஃபாராவில் மாட்டுத் திருட்டு, மேய்ச்சல்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் நிலத்தகராறு, ஊர்க்காவல் குழுக்களின் பழிவாங்கல் என்று 2010களின் தொடக்கத்தில் முற்றிய விஷயம், பிறகு பணத்துக்காக ஆள் கடத்தும் தொழிலாகவே ஆகிவிட்டது. 2020 டிசம்பர் 11 அன்று கட்சினாவின் கங்காராவில் அரசு ஆண்கள் பள்ளியில் பிள்ளைகளைக் கடத்தினார்கள். அடுத்த ஆண்டு ககாரா, ஜங்கேபே, அஃபாகா, தெகினா, பிர்னின் யௌரி, கடுனாவின் பெத்தேல் பள்ளி என்று வரிசையாக நடந்தது. 2014இன் சிபோக் கடத்தல் இந்தக் கணக்கில் வராது. அது வடகிழக்கு, போக்கோ ஹராம், வேறு கதை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, கலந்தால் இரண்டுமே புரியாது.

தரவுக்கு ஆக்லெட்டை எடுத்துக்கொண்டேன். உலகம் முழுக்க ஆயுத மோதல்களைத் தேதி, இடம், ஆயத்தொலைவோடு பதிவு செய்யும் தொகுப்பு. கணக்குத் தொடங்கி, நிகழ்வு வாரியான தரவுக்கு அனுமதி இருந்தால் சிஎஸ்வி எனும் அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மாநில வடிகட்டியில் ஒரு எச்சரிக்கை: நைஜர் மாநிலம் வேறு, வடக்கே இருக்கும் நைஜர் நாடு வேறு. அந்த நாட்டின் மராடி வட்டாரத் தரவையும் தனியாக இறக்கி வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்தத் தொகுப்பில் 'கடத்தல்' என்றே ஒரு துணைவகை இருக்கிறது. அதை மட்டும் வடிகட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. கடத்தலின்போது யாராவது கொல்லப்பட்டாலோ பலத்த காயம் பட்டாலோ அந்த நிகழ்வு 'தாக்குதல்' என்ற வகைக்குப் போய்விடும். அதாவது ரத்தம் சிந்தாத கடத்தல்கள் மட்டும் நம் வடிகட்டியில் நிற்கும், கொடூரமானவை எல்லாம் ஓட்டை வழியே போய்விடும். இதற்கு வழி, விவரக் குறிப்பு உள்ள பத்தியை (column) துழாவுவது. கடத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வேர்களைக் கொடுத்துப் பைத்தான் நிரல்மொழியில் தேடினால், தாக்குதல் வகைக்குள் ஒளிந்திருப்பவை வெளியே வரும். கூடவே "கடத்தப்பட்டவர்களை ராணுவம் மீட்டது" என்கிற வரிகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். மீட்பு நடந்த இடம் கடத்தல் நடந்த இடம் இல்லை. ஆனால் அந்த வரிகளை அழித்துவிடாதீர்கள், வேறு கோப்பில் போட்டு வையுங்கள். என் வேலையில் கடைசியில் அதிகம் பயன்பட்டது அந்தக் கோப்புதான்.

இன்னொன்று, ஒரு வரி என்பது ஒரு நாளில் ஓரிடத்தில் நடந்த ஒரு நிகழ்வு. ஒரே இரவில் ஐந்து குக்கிராமங்களில் புகுந்து ஊருக்கு இரண்டு பேரைக் கொண்டுபோனால் ஐந்து வரி. ஒரு பள்ளியில் முந்நூறு பிள்ளைகளைக் கொண்டுபோனால் ஒரு வரி. இறந்தவர் எண்ணிக்கைக்குத் தனிப் பத்தி உண்டு, கடத்தப்பட்டவர் எண்ணிக்கைக்கு இல்லை, அது குறிப்புக்குள் வாக்கியமாக இருக்கும். அதைப் பிடுங்கி எண்ணாக்கி எடையாகக் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுக்கவில்லை. 2024 மார்ச் 7 அன்று கடுனாவின் குரிகாவில் பள்ளிப் பிள்ளைகள் கடத்தப்பட்டபோது முதலில் வந்த எண் 287. மார்ச் 24இல் ராணுவம் மீட்டதாகச் சொன்ன எண் 137. இந்த மாதிரி எண்களை எடையாக வைத்தால் வரைபடத்தின் நிறத்தை முதல் நாள் செய்திதான் தீர்மானிக்கும். நிகழ்வை நிகழ்வாக மட்டும் எண்ணினேன்.

இனி இடத் துல்லியம். ஒவ்வொரு வரிக்கும் 1, 2, 3 என்று ஒரு துல்லிய எண் உண்டு. 1 என்றால் ஊர் தெரியும். 2 என்றால் வட்டாரம் தெரியும், அந்த வட்டாரத்தின் முக்கிய ஊரில் புள்ளி வைத்திருப்பார்கள். 3 என்றால் பெரும்பகுதி மட்டும் தெரியும், பெரும்பாலும் தலைநகரில் புள்ளி விழும். இதைப் பார்க்காமல் ஹீட்மேப் (புள்ளிகள் அடர்ந்த இடம் அதிகம் சிவக்கும் படம்) போட்டால் குசாவ் மாதிரியான தலைநகரங்களும் உள்ளாட்சித் தலைமை ஊர்களும் ஜெகஜோதியாக எரியும். 3ஐ மொத்தமாக நீக்கினேன், 2ஐ வேறு லேயரில் வெளிறிய நிறத்தில் வைத்தேன். "இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவே சாலையில்" என்று குறிப்பில் இருந்தவற்றை, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் சாலைக் கோட்டை அந்த இரண்டு ஊர்களுக்கு இடையே வெட்டி எடுத்து, புள்ளிக்குப் பதில் கோடாகவே வைத்துக்கொண்டேன். கையால் செய்கிற வேலை, சலிப்புத்தான். ஆனால் கடுனா–பிர்னின் குவாரி, ஃபுன்துவா–குசாவ் சாலைகளில் இது இல்லாமல் ஒன்றும் தெளிவாகாது.

ஊர்ப்பெயர் எழுத்துக்கூட்டல் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சாஃபே என்ற ஊர் ஒரு கோப்பில் ஓர் எழுத்தில் தொடங்கும், இன்னொன்றில் வேறு எழுத்தில். சபோன் கரி, துதுன் வாதா என்ற பெயரில் மாநிலத்துக்கு மாநிலம் ஊர்கள். பெயரை வைத்து அட்டவணைகளை இணைக்காதீர்கள், ஐ.நா. மனிதநேய அலுவலகம் வெளியிடும் எல்லைக் கோப்பில் உள்ள குறியீட்டு எண்ணை வைத்து இணையுங்கள். அவ்வளவுதான்.

எல்லைக் கோப்பு கைக்கு வந்ததும், உள்ளாட்சிப் பகுதி வாரியாக எண்ணி நிறம் பூசலாம் என்று கை துறுதுறுக்கும். நண்பர் எதிர்பார்த்ததும் அதைத்தான். சம்ஃபாரா சுமார் 39,800 சதுர கிலோமீட்டர், 14 உள்ளாட்சிப் பகுதிகள். கட்சினா சுமார் 24,200 சதுர கிலோமீட்டர், 34 பகுதிகள். கணக்குப் போட்டால் சம்ஃபாராவில் ஒரு பகுதி சராசரியாக 2,800 சதுர கிலோமீட்டருக்கு மேல், கட்சினாவில் 700 சொச்சம். ஒரே அளவு ஆபத்து இரண்டு மாநிலத்திலும் சமமாகப் பரவியிருந்தால்கூட, சம்ஃபாராவின் பகுதி ஒவ்வொன்றிலும் நான்கு மடங்கு நிகழ்வு சேரும், நான்கு மடங்கு சிவப்பாகத் தெரியும். பரப்பால் வகுத்தால் எதிர்ப்பக்கம் சாயும்: ஒரு மூலையில் மட்டும் கொதிக்கிற பெரிய பகுதி, சராசரியில் கரைந்து அமைதிப் பூங்காவாகிவிடும். நிறம் பூசுவதற்கு நிர்வாக எல்லையைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அதனால் அறுகோணக் கட்டம். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 10 கிலோமீட்டர், ஒரு கட்டம் சுமார் 87 சதுர கிலோமீட்டர். அதற்குமுன் எல்லாவற்றையும், பாகைக்குப் பதில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆயத்தொலைவு முறையின் 32 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிட்டேன். சொகோட்டோவின் பெரும்பகுதியும் கெப்பியும் உண்மையில் 31ஆம் மண்டலம், ஆனால் பத்துக் கிலோமீட்டர்க் கட்டத்துக்கு அந்தப் பிழை பொருட்டே இல்லை. மாற்றாமல் விட்டால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஹீட்மேப்பின் ஆரம் பாகைக் கணக்கில் ஓடும், அது பொருட்டு.

கட்டங்களில் எண்ணிக்கை போட்டபின் பைத்தானுக்கான பைசால் தொகுப்பின் எஸ்டா நிரலில் கெட்டிஸ்–ஆர்ட் கணக்கு. ஒரு கட்டமும் அதன் அக்கம்பக்கமும் சேர்ந்து, தற்செயலாக வரக்கூடியதைவிட அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அக்கம்பக்கம் என்பதை 20 கிலோமீட்டர் என்று வைக்கலாம். அப்படி வைத்தால் முதல் சுற்றில் 6, இரண்டாம் சுற்றில் 12, மொத்தம் 18 கட்டங்கள் வர வேண்டும். சில கட்டத்துக்கு 18, சிலவற்றுக்கு 15, 16 என்று வந்தது. இரண்டாம் சுற்றில் பாதிக் கட்டங்களின் மையம் மிகச்சரியாக 20 கிலோமீட்டரில் இருக்கிறது, தசமத்தின் கடைசி இலக்கத்தில் சில உள்ளே போகின்றன, சில வெளியே நிற்கின்றன. 21 என்று கொடுத்ததும் சரியாகிவிட்டது. கூடவே, பெரும்பாலான கட்டங்களில் பூஜ்யம்தான் இருக்கும் என்பதால் இயல்நிலைப் பரவலை நம்பாமல் 999 முறை கலைத்துப்போட்டுப் பார்க்கும் முறையை எடுத்தேன், பல சோதனைகளை ஒன்றாகச் செய்வதால் வரும் போலி வெற்றிகளுக்கான திருத்தமும் போட்டேன். திருத்தம் போடாவிட்டால் சிவப்பு தாராளமாக விழும். பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் அதை நம்பிச் சுவர் கட்ட முடியாது.

மராடி தரவு இங்கேதான் வேண்டும். ஜிபியா மாதிரி ஊர்கள் நைஜர் நாட்டு எல்லையோரம். எல்லைக்கு அப்பால் தரவே இல்லையென்றால் அந்தப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்று இல்லாமல் போகும் அல்லது பூஜ்யமாக நிற்கும், இந்தப் பக்கத்து ஊர்கள் உண்மைக்கு மாறாகத் தணிந்து தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகு வந்த படத்தில் ஒரு பட்டை தெரிந்தது. கட்சினாவின் மேற்கே பத்சாரி, சஃபானாவில் தொடங்கி, கங்காரா, ஃபஸ்காரி வழியாக சம்ஃபாராவின் சாஃபே, மாருவைத் தொட்டு, கடுனாவின் பிர்னின் குவாரி, கிவா, சிக்குன், அங்கிருந்து நைஜர் மாநிலத்தின் ஷிரோரோ, ராஃபி. நைஜீரியச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கும் எவரும் வரைபடம் இல்லாமலே வாயால் சொல்லிவிடும் பட்டியல் இது. அப்போது வரைபடம் எதற்கு என்று நண்பர் கேட்டார். கேட்டது நியாயம்.

பதில், நான் ஒதுக்கி வைத்த மீட்புக் கோப்பில் இருந்தது. கங்காரா பிள்ளைகளைக் கொண்டுபோனது கட்சினாவில், வைத்திருந்தது ருகு காட்டில். டிசம்பர் 17 அன்று 344 பேர் விடுவிக்கப்பட்டது சம்ஃபாராவின் சாஃபே பக்கம். நேர்க்கோட்டில் அளந்தால் கங்காராவுக்கும் சாஃபேக்கும் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். குரிகா கடுனாவில் இருக்கிறது, அந்த 137 பேர் மீட்கப்பட்டதாக ராணுவம் சொன்னது சம்ஃபாரா மாநிலத்தில். புள்ளி விழுவது ஆளைத் தூக்கிய இடத்தில். கும்பல் இருப்பது, ஆளை வைத்துப் பேரம் பேசுவது, தப்பிப் போகிற வழி எல்லாம் புள்ளியே இல்லாத இடத்தில். ஹீட்மேப்பில் ருகு காட்டின் நடுப்பகுதி வெள்ளை. கடத்த அங்கே ஆளில்லை, அதனால் வெள்ளை.

ஆகவே கேள்வியை மாற்றினேன். 'எங்கே அதிகம்' என்பதை விட்டுவிட்டு, 'கடத்தல் நடந்த ஊர்கள் எவற்றுக்குப் பக்கத்தில் இருக்கின்றன, சாதாரண ஊர்களைவிட அவை எப்படி வேறுபடுகின்றன' என்று. இதற்கு ஒப்பிட ஊர்கள் வேண்டும். வேர்ல்ட்பாப்பின் 100 மீட்டர் மக்கள்தொகைக் கட்டத்தை எடையாக வைத்து, ஆள் வாழும் இடங்களில் நிறைய சீரற்ற புள்ளிகளைப் போட்டேன். கடத்தல் புள்ளிகளுக்கும் இவற்றுக்கும் மூன்று தூரம்: தார்ச்சாலைக்கு, மாநில எல்லைக்கு, காட்டு விளிம்புக்கு.

காட்டு விளிம்பு என்பது வாயால் சொல்ல எளிது. வேர்ல்ட்கவரின் 10 மீட்டர் நிலப்போர்வைக் கோப்பில் 'மரங்கள்' வகுப்பை மட்டும் எடுத்தால் ருகு ஒட்டுத்துணி மாதிரி கிழிந்து கிடக்கும். அடர்காடு கிடையாது அது, மரமும் புதரும் புல்லும் கலந்த சவன்னா. புதர் வகுப்பைச் சேர்த்தால் பாதி மாநிலம் காடாகிவிடும். கடைசியில் செடிகொடியை விட்டுவிட்டுக் கட்டடங்களைப் பிடித்தேன். கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் கோப்பில் ஆப்பிரிக்கக் கட்டடங்களின் தடங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டடத்திலிருந்தும் 5 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற வெளியை 'ஆளில்லா வெளி' என்று வைத்து அதன் ஓரத்தைக் கோடாக எடுத்தேன். ருகு, சம்ஃபாராவின் குயம்பானா, பிர்னின் குவாரிப் பக்கத்துக் கமுக்கு என்று பெயர்பெற்ற காடுகளின் உட்பகுதிகள் தாமாகவே எழுந்து வந்தன. இந்த மொத்த வேலையிலும் எனக்குத் திருப்தி தந்த ஒரு மாலை அது.

ஒரு குறை உண்டு. செயற்கைக்கோள் படத்தில் வீடு இருந்தால் ஊர் இருப்பதாகக் கணக்கு. ஊரே கிளம்பி ஓடிப்போய், கூரை மட்டும் மிஞ்சியிருந்தாலும் அது வீடுதான். மக்கள்தொகைக் கட்டமும் அப்படியே: நைஜீரியாவின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2006இல் நடந்தது, அதற்குப் பிறகு வருவதெல்லாம் மாதிரிகளின் மதிப்பீடு. இடம்பெயர்ந்தவர்கள் நகரத்து முகாமில் இருப்பார்கள், வரைபடத்தில் கிராமத்திலேயே இருப்பார்கள்.

மூன்று தூரங்களில் ஆளில்லா வெளியின் ஓரம்தான் தெளிவாகப் பேசியது. கடத்தல் புள்ளிகள் ஒப்பீட்டுப் புள்ளிகளைவிட அந்த ஓரத்தை நெருங்கி நிற்கின்றன. சாலைத் தூரத்தில் இரண்டு குவியல்: நெடுஞ்சாலை மேலேயே ஒன்று, சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி ஒன்று. வண்டியை மறிப்பதும் கிராமத்தில் புகுவதும் வேறு வேறு வேலை என்பதால் இப்படி. மாநில எல்லைக்கு அருகிலும் கூடுதல்தான், ஆனால் அதை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். எல்லைக் கோடுகளே இந்தக் காடுகளுக்குள்தான் ஓடுகின்றன, காடு காரணமா, ஒரு மாநிலக் காவல் இன்னொரு மாநிலத்தில் கை வைக்க முடியாதது காரணமா என்று இந்தத் தரவை வைத்துப் பிரிக்க முடியாது.

பிறகு காலம். கியூஜிஐஎஸ்ஸின் காலக் கட்டுப்பாட்டுப் பலகையில் மாதம் மாதமாக ஓடவிட்டால் புள்ளிகள் பூத்து அணைவதைப் பார்க்கலாம். பார்க்க நன்றாக இருக்கும், அதனாலேயே கவனம் வேண்டும். அபுஜா–கடுனா நெடுஞ்சாலையில் கடத்தல் பெருகியதால் வசதி உள்ளவர்கள் 2016இல் தொடங்கிய ரயிலுக்கு மாறினார்கள். சாலையில் ஆள் குறைந்தால் புள்ளியும் குறையும். அதைப் பார்த்துச் சாலை தணிந்தது என்று ஒருவர் எழுதியிருக்கலாம். 2022 மார்ச் 28 அன்று அந்த ரயிலையே தாக்கிப் பயணிகளைக் கொண்டுபோனார்கள். அதேபோல் 2021 செப்டம்பரில் ராணுவ நடவடிக்கைக்காக சம்ஃபாராவில் தொலைபேசிச் சேவையை நிறுத்தினார்கள், அப்புறம் கட்சினா, கடுனாவின் சில பகுதிகளிலும். போன் இல்லாத ஊரிலிருந்து செய்தி வருவது குறையும், தாமதமாகும். செய்தி இல்லாவிட்டால் ஆக்லெட்டில் வரி இல்லை. அந்த மாதங்களின் வெள்ளையை அமைதி என்று வாசிக்க முடியாது. இதற்காகவே அந்தக் காலத்துக் கட்டங்களுக்குச் சாம்பல் நிறம் கொடுத்தேன். வெள்ளைக்கு அர்த்தம் 'பதிவு இல்லை', சாம்பலுக்கு அர்த்தம் 'பதிவு வந்திருக்க வழியில்லை'. நண்பரின் அலுவலகத்தில் சாம்பலை எடுக்கச் சொன்னார்கள், படம் அசிங்கமாக இருக்கிறதாம். எடுக்கவில்லை.

கடைசி ஆண்டை மறைத்து வைத்து, முந்தைய ஆண்டுகளால் செய்த வரைபடம் அதைப் பிடிக்கிறதா என்றும் பார்த்தேன். மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் எத்தனை பங்கு நிகழ்வுகள் விழுகின்றன என்பது அளவுகோல். இதில் முக்கியம் ஒப்பீடு: வெறும் மக்கள்தொகை வரைபடத்தையும் அதே தேர்வு எழுத வைக்க வேண்டும். சாதாரண ஹீட்மேப் அதைப் பெரிதாக ஒன்றும் முந்தவில்லை. அக்கம்பக்கக் கட்டக் கணக்கோடு ஆளில்லா வெளியின் தூரத்தைச் சேர்த்தபோதுதான் இடைவெளி தெரிந்தது.

யாருக்கு எதைக் கொடுப்பது என்பது தனிப் பேச்சு. காட்டோரம் என்று நான் சிவப்பாக்கும் இடங்களில் ஃபுலானி மேய்ச்சல் குடும்பங்கள் வாழ்கின்றன. மாடு பறிகொடுத்தவர்களும் கடத்தப்பட்டவர்களும் அவர்களிலும் உண்டு. ஊர்க்காவல் குழுக்கள் அவர்களைக் கும்பலோடு சேர்த்து எண்ணித் தாக்கிய வரலாறும் இருக்கிறது. 2023 டிசம்பர் 3 அன்று கடுனாவின் துதுன் பிரியில் மீலாது விழாவுக்குக் கூடியிருந்த மக்கள்மேல் ராணுவத்தின் டிரோன் குண்டு போட்டது. கும்பல் என்று நினைத்துவிட்டார்களாம். பேரிடர் மேலாண்மை அமைப்பு சொன்ன கணக்கிலேயே 85 பேர் புதைக்கப்பட்டார்கள். ஊர்ப்பெயரோடு சிவப்புப் படம் ஒன்று கைமாறிப் போவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. மீட்பு இடங்களின் லேயரை யாருக்கும் தரவில்லை, பத்துக் கிலோமீட்டர்க் கட்டப் படத்தையும் வெளியே விடவில்லை.

நண்பருக்குப் போனது ஒரு அட்டவணை. பள்ளிக்கு ஒரு வரி: ஆளில்லா வெளியின் ஓரத்துக்கு எவ்வளவு தூரம், தார்ச்சாலைக்கு எவ்வளவு, 20 கிலோமீட்டருக்குள் பதிவான நிகழ்வுகள், அவற்றில் துல்லியம் 1 எத்தனை, சாம்பல் கட்டமா இல்லையா, விடுதி உண்டா. விடுதிப் பத்தி அவர்கள் சேர்த்தது. இரவில் பிள்ளைகள் தங்கும் பள்ளிகள் தனிக் கணக்கு என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், என் தரவுக்குத் தெரியாது. அவர்களுடைய களப் பணியாளர்கள் அட்டவணையை ஒருமுறை பார்த்து, சில பள்ளிகளை மேலே ஏற்றி, இரண்டு மூன்றை 'மூடியே கிடக்கிறது, ஊரே இல்லை' என்று அடித்துவிட்டார்கள். அந்த இடங்களிலும் என் கட்டடக் கோப்பில் வீடுகள் இருக்கின்றன. இனி பழைய செயற்கைக்கோள் படத்தில் விளக்கு வெளிச்சமும் பயிரும் இருந்து புதிய படத்தில் இல்லாத ஊர்களைத் தேடிப் பிரிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பயிரைப் பொறுத்தவரை முடியும் போலத் தெரிகிறது. விளக்கு சரிவராது, அந்த ஊர்களில் முதலிலேயே மின்சாரம் கிடையாது.